நீரரண்

நகரம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன வீதிகளும் மாளிகைகளும் கடைத்தெருக்களுமே. அவற்றின் கீழே ஒரு நிலம் உண்டு. அந்நிலத்துக்கு ஓர் இயல்பும் உண்டு. மேடு எது, பள்ளம் எது, மழைநீர் எவ்வழி ஓடும், எங்கே தங்கும் என்பன நகரம் தோன்றுமுன்னரே வகுக்கப்பட்டுவிட்டன. அவ்வகுப்பை மதியாத நகரம் மாரிதோறும் தண்டம் செலுத்தும். இவ்வுண்மைக்குக் கொழும்பு மாநகரே தக்க சான்று.

நாட்டின் அரணை வகுத்துரைத்த வள்ளுவர், அதன் உறுப்புகளுள் நீரை முதலிலே வைத்தார். 15ஆம் நூற்றாண்டில் தலைநகராய் விளங்கிய கோட்டேக்குச் சூழவிருந்த சதுப்பு நிலமும் தியவன்னா ஓயாவும் அவ்வாறே அரணாயின. பின்வந்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம் கோட்டையின் காப்புக்குப் பேரை வாவியை நம்பினர். பகைவரைத் தடுத்த அந்நீர்நிலம் வெள்ளத்தையும் தடுத்தது. பகைவர் போயினர், வெள்ளம் போகவில்லை.

கொழும்பின் பெரும்பகுதி களனி கங்கைக்குத் தெற்கே கிடக்கும் தாழ்ந்த நிலம். அங்கே பெய்யும் மழை கால்வாய்கள் வழியே ஓடி, வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலைச் சேர்கின்றது. வடக்கே கங்கைக்கும் வழியுண்டு. ஆயினும் கங்கை பெருகுங்கால் வடக்கு மதகை அடைக்கவேண்டும். அன்றேல் கங்கைநீர் நகருக்குள் புகும். நிலம் பெரிதும் சமதளமாதலால், கடல் வழியாகவும் நீர் மெல்லவே வடியும். அவ்வேளையில் உள்ளே பெருகும் நீர் எங்கே தங்குவது? கொலன்னாவ, தலங்கம, பத்தகான முதலிய இடங்களிலுள்ள சதுப்பு நிலங்களே அதனை ஏந்திக்கொள்கின்றன. மழை ஓய்ந்தபின் சிறிது சிறிதாக விடுகின்றன. கூலி கேளாத காவலர் அவை.

இக்காவலரை நாம் எவ்வாறு நடத்தினோம்? பயனற்ற நிலம் என்றோம், குப்பை கொட்டினோம், மண் இட்டு நிரப்பினோம். அதற்கு நாம் இட்ட பெயர் 'நிலமீட்பு' என்பது. மீட்பு என்றால், யாரிடமிருந்து மீட்டோம்? நீரின் உடைமையை நீரிடமிருந்து பறித்ததே நாம் கண்ட மீட்பு. கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்பதற்கெனவே 1968இல் சட்டத்தின் மூலம் ஒரு சபை நிறுவப்பெற்றது. அதன் வழிவந்த கூட்டுத்தாபனம் இன்று கால்வாய்களையும் சதுப்பு நிலப் பூங்காக்களையும் பேணும் பணியில் ஈடுபட்டிருப்பது, காலம் கற்பித்த பாடம் எனலாம்.

அப்பாடத்துக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 2010 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய பெருமழையில், தியவன்னாவின் நடுவே 1982இல் திறக்கப்பெற்ற பாராளுமன்றக் கட்டடமும் வெள்ளத்துட் சிக்கியது. சட்டம் இயற்றும் மன்றத்துக்கே நீர் வந்து தன் வழக்கை எடுத்துரைத்தது போலும்! 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, மீதொட்டமுல்லையில் தாழ்நிலத்தின்மேல் மலையெனக் குவிந்திருந்த குப்பை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது.

இத்தகைய கேட்டைத் தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் தடுத்துவிடாது. சதுப்பில் ஒரு காணியை நிரப்புபவனுக்கு அக்காணியின் விலை உயர்கின்றது. அங்கே தங்கவேண்டிய நீரோ அயலானின் வீட்டு வாயிலை நாடுகின்றது. இலாபம் ஒருவனுக்கு, நட்டம் ஊருக்கு. இந்தக் கணக்கைச் சீர்செய்ய வல்லது நகரத் திட்டம் ஒன்றே. வீடு எங்கே, தொழிற்சாலை எங்கே எனக் குறிக்கும் காணிப் பயன்பாட்டுப் படத்தில், நீர் எங்கே என்பது முதலிற் குறிக்கப்படல் வேண்டும். கால்வாய்க் கரைகளில் ஒதுக்கு நிலம் விடப்படல் வேண்டும். 1921இல் கொழும்புக்கு நகரத் திட்ட அறிக்கை வரைந்த பற்றிக் கெடிஸ், உயிரியல் கற்றுப் பின் நகரியலுக்கு வந்தவர். நோயறிந்தபின்னரே மருந்து என்பதுபோல், இடத்தை ஆராய்ந்தபின்னரே திட்டம் என்பது அவர் கோட்பாடு.

இன்று நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஈரநிலங்களைப் பேணுதற்கு 1971இல் ஈரான் நாட்டு ராம்சாரில் உருவான உடன்படிக்கையின் கீழ், 2018இல் முதன்முதலாக ஈரநில நகரங்களாக ஏற்கப்பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. எஞ்சிய நீர்நிலங்களில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்னும் உலவுகின்றன. ஆயினும் பட்டம் நிலத்தைக் காவாது. நாள்தோறும் கடைப்பிடிக்கப்படும் விதியே காக்கும்.

இங்கே ஒரு நீதியையும் மறத்தலாகாது. சதுப்பின் ஓரத்திலே குடிசை அமைத்தவர்களுட் பலர், மேட்டுநிலம் வாங்க வழியற்ற ஏழைகள். அவர்களைச் சட்டத்தால் விரட்டிவிட்டு, செல்வர் நிரப்பும் காணிக்குக் கண்மூடியிருப்பது திட்டமன்று, வஞ்சனை. ஏழைக்கு உலர்ந்த நிலத்தில் ஓர் இல்லம் அளித்தபின்னரே, நீருக்குரிய நிலத்தை நீருக்கென ஒதுக்குதல் அறமாகும்.

பள்ளிக்கூடங்களில் ஆறுகளின் பெயரை மனனஞ் செய்விக்கின்றோம். தம் ஊரில் பெய்யும் மழை எவ்வழி சென்று எங்கே தங்குகின்றது என்பதையும் மாணவர் நடந்து கண்டு வரட்டும். தன் ஊரின் நீர்வழியை அறிந்த தலைமுறை, அதனை அடைத்து வீடு கட்ட ஒருபோதும் ஒப்பாது.