கால் சொல்லும் வயது

மரக்காணம் உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. தலைக்கு மேல் ஒரு சூரியன் சுடும். காலடியில் விளைந்து கிடக்கும் உப்பிலிருந்து இன்னொரு சூரியன் கண்ணைக் குத்தும். வெறுங்காலால் பாத்தி மிதித்தவர்கள், பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்த்தவர்கள், கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டியவர்கள் என்று யாரைக் கேட்டாலும் அவர்களுக்கு இரண்டு வயது உண்டு. ஆதார் அட்டை ஒன்றைச் சொல்லும். கால் வேறொன்றைச் சொல்லும். அட்டையில் ஐம்பத்திரண்டு என்றிருந்தால், கால் அறுபத்தைந்து என்னும்.

இந்தக் கடற்கரையில் முதியவர்களுக்கு உதவும் முறை எப்படி மாறியிருக்கிறது என்பதை, இந்த இரண்டு வயதுக்கும் நடுவே உள்ள தூரத்தை வைத்தே அளந்துவிடலாம்.

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வடக்கே ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இந்தப் பக்கத்தில்தான். உப்பும் விறகும் தோணியேறி அந்த வழியே சென்னைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஆதரவற்ற முதியவருக்கு உதவி என்றால் ஒரு வாய்க் கஞ்சி. 1782இல் பஞ்சத்தின்போது சென்னையில் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்துக்கு மக்கள் வைத்த பெயரே கஞ்சித்தொட்டி. அது இன்றும் ராயபுரத்தில் முதியோர் இல்லமாக நடக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு தருமம் நிலைத்திருப்பது பெரிய காரியம்தான். ஆனால், கஞ்சித்தொட்டியின் வாசலுக்கு ஒருவர் வந்து சேர்வது எல்லாம் முடிந்த பிறகு.

உப்பளத்து ஊர்களிலோ அப்படி ஒரு வாசலும் இல்லை. உழைக்கும்வரை கூலி, ஓய்ந்த பிறகு மகன் வீட்டுத் திண்ணை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கிழவியின் வேலை. பிள்ளை இருக்கும்போது ஊராரிடம் கையேந்துவது குடும்பத்துக்கே இழுக்கு. வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு விளையாது. வீட்டில் வருமானம் இருக்காது. கடன் வாங்கி உலை வைக்கும் அந்த மாதங்களில் பானையின் அடியில் மிஞ்சியதே பெரியவர்களின் பங்கு. யாரும் கொடுமை செய்ததில்லை. இல்லாத வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்பது சொல்லாமலே முடிவாகிவிடும்.

1962 ஏப்ரலில் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது மாதம் 20 ரூபாய். 1995இல் மத்திய அரசின் திட்டம் சேர்ந்தது: 75 ரூபாய், அதுவும் 65 வயதுக்கு மேல்தான். 2011இல் அந்த வரம்பு 60 ஆகக் குறைந்தது. தமிழ்நாடு தரும் தொகையும் 1,000 ஆயிற்று. 2023இல் 1,200. எண்பது வயதுக்குட்பட்டவருக்கு இதில் மத்திய அரசின் பங்கு இன்னும் 200 ரூபாய்தான்.

தொகை ஏறியதைவிட வயது இறங்கியது இங்கே பெரிய செய்தி. ஆனாலும் அந்த அறுபதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்காதவருக்குப் பிறந்த தேதி என்பது யாரோ ஒருவர் குத்துமதிப்பாக எழுதியது. ரேஷன் அட்டையில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று. முன்பெல்லாம் இதைச் சரிசெய்ய முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திண்டிவனத்துக்குப் போக வேண்டும். இப்போது மரக்காணமே தாலுகா ஆகிவிட்டது. ஆனால், அலுவலகம் பக்கத்தில் வந்ததால் மட்டும் மனு எழுதத் தெரிந்துவிடாது. மனு எழுதித் தருவது, வங்கியில் கைரேகை பதியாதபோது கூடவே நிற்பது, நின்றுபோன ‘ஓஏபி’ எனும் முதியோர் ஓய்வூதியப் பணத்தைத் திரும்ப வரவைப்பது என்று தொண்டு நிறுவனத்துக்கு இங்கே வேலை நிறைய. யாரும் படம் எடுத்துப் போடாத வேலை. கஞ்சி ஊற்றுவதைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

2004 டிசம்பர் 26 இந்தக் கரை முழுவதற்கும் ஒரு பிரிகோடு. சுனாமிக்குப் பிறகு உதவி லாரி லாரியாக வந்தது. படகு இழந்தவருக்குப் படகு, வலை இழந்தவருக்கு வலை. இரண்டுமே தன் பெயரில் இல்லாத கிழவர் எந்தப் பட்டியலில் வருவார்? வலை பின்னியும் கருவாடு விற்றும் அவர் சம்பாதித்தது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்கவில்லை. 1978இல் தொடங்கப்பட்ட ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் இந்த ஓட்டையைக் கண்டுகொண்டது. தெற்கே கடலூர் மாவட்டத்தில், வீடும் துணையும் இழந்த முதியவர்களுக்காகத் தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை அமைத்தது. அதைவிட முக்கியமாக, சுனாமி பாதித்த கரைகளில் முதியோருக்கே சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. மாதாமாதம் சிறு சேமிப்பு. அதிலிருந்து ஆடு வாங்கவோ பெட்டிக்கடை வைக்கவோ மீன் வியாபாரம் செய்யவோ கடன். அறுபது தாண்டியவருக்கு வங்கி கடன் தரத் தயங்கும். குழுவில் உள்ளவர்களோ ஒருவருக்கொருவர் ஜாமீன்.

அந்தக் குழுக்களில் சேர வயது 55. அரசின் அறுபதுக்கு ஐந்து ஆண்டு முன்பே அவரை முதியவர் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட கையோடு உழைப்பாளி என்றும் நம்பினார்கள். கஞ்சித்தொட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கண் விஷயத்தில் மாற்றம் இன்னும் துலக்கம். உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஆண்டுக்கணக்கில் கண்ணில் விழுந்தால் புரையும், கருவிழியில் சதை வளர்வதும் வரும் வாய்ப்பு கூடும். ‘கண்ணு மங்கிடுச்சு’ என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்ததில்லை. அந்தக் காலத்து முகாம்களில் பள்ளிக்கூடக் கட்டடமே ஆபரேஷன் கூடம். கண்ணைக் கட்டி, தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் படுக்க வைப்பார்கள். முடிந்ததும் சோடாபுட்டிக் கண்ணாடி. அது உடைந்தால் மறுபடியும் இருட்டு.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் உள்ளவர் கட்டும் கட்டணத்தில் இல்லாதவருக்கும் அறுவை செய்யும் வழியைக் கண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் அதை இங்கேயே செய்து விலையை இறக்கியது. 2003இல் புதுச்சேரியை ஒட்டிய தவளக்குப்பத்தில் மருத்துவமனை திறந்ததும், இந்தக் கடலோரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கைக்கெட்டும் தூரத்தில் வைத்தியம் வந்தது. இன்று முகாமில் புரை என்று கண்டால் பேருந்தில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, லென்ஸ் வைத்து ஊரிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். வயதுச் சான்று இல்லாமலே கிடைக்கும் உதவி இது.

2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஹைதராபாத்தில் டாடா அறக்கட்டளைகள் தொடங்கிவைத்த முதியோர் உதவி எண், இன்று 14567 என்ற நாடு தழுவிய அரசு எண்ணாகியிருக்கிறது. தொண்டு நிறுவனம் சின்னதாகச் செய்து காட்டுவதை அரசு பெரிதாக எடுத்துச் செய்வதும் நடக்கத்தான் செய்கிறது.

தீராதது எது? மழைக்காலம். உப்பு விளையாத மாதங்களுக்கு, பதிவு பெற்ற உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது பாத்திகள் நீரில் முழுகின. அப்படி ஒரு வருஷத்தில் மறுபடி சேறு வாரி, மிதித்து, பாத்தி கட்டக் கூப்பிடும்போது இளையவர்களுக்கு முதல் அழைப்பு. ஐம்பத்தைந்து வயதுக்காரர் வேலைக்குக் கிழவர், ஓஏபிக்கு இளைஞர். குழுவும் முகாமும் சென்று தொட வேண்டிய ஆட்கள் இவர்கள்தான்.

முகாம் மேசைகளில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், ஊர், வயது என்று வரிசையாகக் கட்டங்கள். மரக்காணத்தில் அந்த வயதுக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வேண்டும்: உப்பளத்தில் எத்தனை வருஷம் நின்றார்?