கண்ணாடி அலமாரியில் ஒரு பீர் லாரி

திருப்பாச்சூர் போன்ற ஊர்களில் மளிகைக்கடைக்காரர்கூட கண்ணாடி அலமாரியில் நாலு பொம்மை வண்டிகளை வைத்து விற்பதுண்டு. அந்தச் சின்ன வண்டிகளின் கதையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

1947-இல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் லெஸ்னி கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் பட்டறை, மூடிக்கிடந்த ஒரு மதுக்கடைக் கட்டடம்! உடன் சேர்ந்த ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் வண்டியைச் செய்தார், 'மேட்ச்பாக்ஸ்' பிறந்தது. 1956-இல் பழங்கால வண்டி வரிசை வந்தது. 1982-இல் கம்பெனி நொடித்தது. ஓடெல் சோரவில்லை, தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'லெடோ' என்று புதுக் கம்பெனி தொடங்கினார்.

இத்தொழிலில் வார்ப்பு அச்சுக்குத்தான் பெருஞ்செலவு. ஒரே பழைய வேன் அச்சில் துத்தநாகக் கலவையை வார்த்து, பீர் கம்பெனி பெயர், தேயிலைப் பெயர், பிஸ்கட் பெயர் என்று மாற்றி மாற்றிப் பொறித்து விற்றார்கள். முதல் ஒன்று, சரக்கு பல.

சேகரிப்போர் அட்டைப்பெட்டிக்கும் சேர்த்தே விலை தருவார்கள். வீட்டுப் பரணில் பிள்ளைகளின் பழைய வண்டி பெட்டியோடு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

கடைச் சரக்கு விஷயம் வேறு. 1-1-2021 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததை மலிவென்று வாங்கி அடுக்கினால், விற்கும் நாமும் பொறுப்பாளியே. முத்திரையையும் உரிம எண்ணையும் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். நாலு ரூபாய் லாபத்துக்காகக் கடையின் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.