உங்களுக்குத் தெரியுமா? ஒரு பொன் பட்டைக்காக ஐந்தாண்டு வழக்கு!

1385இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில், ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் க்ரோவ்னர் என்ற இருவரின் கேடயத்திலும் ஒரே சின்னம் இருந்தது: ‘அஸ்யூர், எ பெண்ட் ஓர்’. நீலப் பரப்பு, அதில் கேடயம் ஏந்துபவரின் வலப்பக்க மேல்மூலையிலிருந்து இடப்பக்கக் கீழ்ப்பகுதிக்குச் சரிந்து இறங்கும் பொன்னிறப் பட்டை. வழக்கு வீரர் நீதிமன்றத்துக்குப் போனது. கவிஞர் ஜெஃப்ரி சாசர் உட்பட நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். 1390இல் மன்னரே ஸ்க்ரோப்புக்குச் சாதகமாக முடித்துவைத்தார். ஸ்க்ரோப் முன்னாள் சான்சலர், க்ரோவ்னரோ செஷயரின் ஒரு நைட். எனவே பதவிதான் வென்றது என்று சொல்லலாம். ஆனால் சாட்சிகளிடம் கேட்கப்பட்டது வேறு: இந்தச் சின்னத்தை எந்தப் போரில், யார் அணிந்திருக்கப் பார்த்தீர்கள்?

‘நீலம்’ என்றே சொல்லலாமே, ‘அஸ்யூர்’ என்ற பிரெஞ்சுச் சொல் எதற்கு, மேட்டுக்குடிப் பகட்டா? தொடக்கத்தில் அது பகட்டே அல்ல. அன்றைய ஆங்கிலப் பிரபுக்களின் புழக்க மொழியே பிரெஞ்சுதான். பிரெஞ்சு வழக்கொழிந்த பிறகும் அச்சொற்கள் நிலைத்ததற்கு அவற்றின் துல்லியம் ஒரு முக்கியக் காரணம் என்பேன். ஓவியர் வெளிர்நீலம் தீட்டினாலும் கருநீலம் தீட்டினாலும் அது ‘அஸ்யூர்’தான். ‘ஓர்’ என்பதை மஞ்சளாகவும் தீட்டலாம், பொன் தகடாகவும் பதிக்கலாம். படமே போதாதா என்றால், போதாது: சாயம் மங்கும், நகலெடுக்கும் கைக்குக் கை நிறம் மாறும். ‘அஸ்யூர், எ பெண்ட் ஓர்’ என்ற ஒற்றை வரி மாறாது; சட்டப்படி சின்னம் என்பது அந்த வரிதான். அதனால்தான் க்ரோவ்னர் குடும்பம் பிறகு நீலப் பரப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பட்டைக்குப் பதிலாகப் பொன்னிறக் கோதுமைக் கட்டை ஏற்றபோது, அது முற்றிலும் வேறொரு சின்னமாகிவிட்டது.