கறுப்புத் துணிக்குள் நுழைந்த கோபுரம்

பழைய மதுரை, பழைய தஞ்சாவூர், பழைய திருச்சி மலைக்கோட்டை என்று காலண்டரிலும் ஹோட்டல் வரவேற்பறையிலும் மங்கிய வண்ணத்தில் சில படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்களின் கைவண்ணம். படங்கள் அழகுதான். ஆனால் அவை உருவான விதம் இருக்கிறதே, அதைப் படிக்கப் படிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை!

தாமஸ், கோச் வண்டிகளுக்கு வண்ணம் பூசக் கற்றுக்கொண்டு வளர்ந்தவர். வில்லியம் அவருடைய அண்ணன் மகன், தந்தையை இழந்த பையன். 1785இல் சித்தப்பாவோடு கப்பலேறியபோது மீசைகூட சரியாக முளைத்திருக்காது. சீனா வழியாகக் கல்கத்தா வந்தார்கள், வட இந்தியாவை இமயமலை அடிவாரம் வரை வரைந்து தள்ளினார்கள். தெற்கே வரக் கையில் காசு வேண்டுமே! வரைந்த ஓவியங்களைக் கல்கத்தாவில் லாட்டரி போட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1792 மார்ச்சில் சென்னைக்கு வந்து இறங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏன் வந்தார்கள்? திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அந்த மாதம்தான் முடிந்திருந்தது. செய்தித்தாளில் படித்த மலைக்கோட்டைகளைக் கண்ணால் பார்க்க ஆங்கிலேயர்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் வெயில் கொளுத்தும்போது புறப்பாடு. இரண்டு பல்லக்கு, அவற்றைத் தூக்க ஆட்கள், குதிரைகள், கூடாரம் சுமக்க மாடுகள், வரையும் மேசையைத் தூக்கிவரத் தனிக் கூலிகள் என்று நாற்பது பேருக்கு மேல் ஒரு ஊர்வலமே கிளம்பியது. இத்தனையும் இரண்டு பேர் பென்சில் பிடிப்பதற்கு!

அந்த ஊர்வலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயணி ஒரு கருவி. கேமரா அப்ஸ்கியூரா என்று பெயர். புகைப்படம் பிறக்கப் பல பத்தாண்டுகள் இருந்த காலம் அது. ஃபிலிம் இல்லை, பொத்தான் இல்லை. இருட்டான ஒரு அடைப்பு, ஒரு லென்ஸ், சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் காட்சியைத் தலைகீழாகக் காட்டும், கண்ணாடி அதை நிமிர்த்தித் தாளின்மேல் விழவைக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் போதும், எதிரே நிற்கும் கோபுரம் உள்ளங்கை அளவில், முழு வண்ணத்தில், உங்கள் காகிதத்தில் நிற்கும். நிற்பதோடு விடுமா? கொடி அசையும், மாடு நடக்கும், மேகம் நகரும்! ஓடுகிற படத்தின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். வெளியே வெயில், உள்ளே புழுக்கம், தாளில் வியர்வை சொட்டக் கூடாது. அந்தத் துணிக்குள் ஐந்து நிமிடம் தலைவிட எதைக் கேட்டாலும் கொடுப்பேன்.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டதும் சுவையானது. கோட்டுருவம் பெரும்பாலும் பையனுடையது, வண்ணம் சித்தப்பாவுடையது. கட்டடம் வரைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் பதின்மூன்று நிலைகளையும் எண்ணி அளவு பிசகாமல் கோடு போட்டு முடிப்பதற்குள் நிழல் இடம் மாறிவிடும். கோட்டுக்கு ஒரு கை, நிழலுக்கு ஒரு கை இருந்தால் எப்படி இருக்கும்! தங்களுக்கு முன் இந்தியாவை வரைந்த வில்லியம் ஹாட்ஜஸின் படங்களையும் அந்தந்த இடத்தோடு ஒப்பிட்டு, எங்கே பிசகு என்று இருவரும் பார்த்தார்கள். எனக்கு ஹாட்ஜஸ் பிடிக்கும், ஆனால் அளவு விஷயத்தில் டேனியல்கள் பக்கம்தான் நிற்பேன்.

1794இல் லண்டன் திரும்பிய பிறகுதான் இரண்டாவது கூத்து. செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்தால், பொடி மறைக்காத இடங்களை அமிலம் அரிக்கும். குறைவாக அரித்தால் இளநிழல், ஆழமாக அரித்தால் கருநிழல். இதுதான் அக்வாடின்ட் அச்சு. அச்சான தாளுக்குக் கையால் வண்ணம். 1795 தொடங்கி 1808 வரை இப்படி 144 படங்கள்! ‘ஓரியண்டல் சீனரி’ என்ற அந்த முழுத் தொகுதியின் விலை அன்றைக்கே 210 பவுண்டு.

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையை அவர்கள் பார்த்தபோது அது இடிபாடு. பின்னாளில் நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது பழுதுபார்த்ததையே இன்று நாம் சுற்றிப் பார்க்கிறோம். பழுதுபார்ப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று கேட்டால், கையை நீட்டிக் காட்ட இந்தப் படங்கள் இருக்கின்றன. பல்லக்குத் தூக்கியவர்களின் பெயர்கள் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை, அது என்னை உறுத்துகிறது. அவர்கள் தோள் கொடுக்காமல் ஒரு தூண்கூடத் தாளுக்கு வந்திருக்காது.

டேனியல்களின் எண்ணெய் ஓவியங்கள் மிக அதிகமாக இருப்பது லண்டனில் அல்ல, கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில். அந்தப் பக்கம் போனால் தவறவிடாதீர்கள். அவ்வளவு தூரம் முடியாதா? மதுரை அரண்மனைக்குப் போகும்போது ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். செல்ஃபி எடுத்து முடித்தபின் ஒரே ஒரு தூணை, அடியிலிருந்து வளைவு வரை, வரைந்து பாருங்கள்.