வயலில் இறங்கும் விமானம்

வானில் பறப்பவருக்கு வயலைப்பற்றி என்ன கவலை என்று நம் அங்கத்தினர்களில் சிலர் எண்ணக்கூடும். கிளைடர் என்னும் எஞ்சினற்ற விமானத்தை ஓட்டுகிறவருக்கோ சில வேளைகளில் உயிரே வயலைப் பொறுத்ததாகும். நெசவுக்கும் அதனோடு பழைய உறவு உண்டு. ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் மரக்கழிகளால் சட்டம் அமைத்து, அதன்மீது பருத்தித் துணியை இழுத்துக் கட்டிப் பறந்தார். 1896 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய கிளைடர் நிலை தவறி விழுந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். இன்றைய கிளைடர்களில் பெரும்பாலானவை கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்துச் செய்யப்படுகின்றன.

வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து மேலெழும் சூடான காற்றில் வட்டமிட்டுக் கிளைடர் உயரம் பெறுகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் நல்ல கிளைடர், அசையாத காற்றில் சுமார் 40 கிலோமீட்டர் செல்லவல்லது. மேலெழும் காற்று கிட்டாவிடில், விமான நிலையத்தை எட்டுமுன் ஏதேனும் ஒரு வயலில் இறங்க வேண்டியதுதான். நெடுந்தூரம் பறப்பவர்களுக்கு இது வழக்கமே. பெரும்பாலும் தீங்கின்றி முடிந்துவிடும். ஆயினும் சிலர் எலும்பு முறிந்தும், சிலர் உயிரிழந்தும் போகின்றனர். காரணம் என்ன?

முதற் காரணம் தாமதம். இன்னும் சிறிது தூரம் சென்றால் காற்று தூக்கிவிடும் என்று நம்பியே ஓட்டுநர் உயரத்தை இழந்துவிடுகிறார். பிறகு தரையருகே வேகம் குறைந்த நிலையில் அவசரமாகத் திரும்புகையில், இறக்கை காற்றின் தாங்கலை இழக்க, விமானம் சுழன்று விழுகிறது. அதை நிமிர்த்த உயரம் போதாது. இதனாலேயே இங்கிலாந்தில் ஒரு முறை கற்பிக்கப்படுகிறது. சுமார் 600 மீட்டர் உயரத்தில் இறங்கத்தக்க பகுதியையும், 450 மீட்டரில் வயலையும் தேர்ந்துவிட வேண்டும். 300 மீட்டரில் இறங்கும் சுற்றைத் தொடங்க வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் தாழும் கிளைடருக்கு 300 மீட்டர் என்பது ஐந்தே நிமிடம்!

அடுத்த காரணம் வயலை அறியாமை. மேலிருந்து பார்க்கையில் மேடும் சரிவும் சமதரையாகத் தோன்றும். சரிவு இருப்பின் மேட்டை நோக்கி இறங்குவதே நலம். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். உயர்ந்த பயிரில் ஒரு பக்கத்து இறக்கை சிக்கினால் விமானம் சட்டென்று திரும்பி வால் முறியும். உழுசால் இருந்தால் அதன் போக்கிலேயே இறங்க வேண்டும். அறுவடையான தாள் நிலம் பொதுவாக நன்று. கால்நடைகள் உள்ள நிலத்தைத் தவிர்த்தல் வேண்டும். இவையெல்லாம் உழவர் அறிந்த செய்திகளே அல்லவா?

இறங்கிய ஓட்டுநர் நிலத்துக்கு உரியவரைத் தேடிச் சென்று, நிகழ்ந்ததைக் கூறிப் பயிர்ச் சேதத்தை ஒப்புக்கொள்வதே முறை. வேடிக்கை பார்க்க வருவோர் பயிரை மிதிக்காதபடி காப்பதும் அவர் கடமை; விமானத்தைவிடக் கூட்டமே அதிகம் அழித்துவிடுவதுண்டு.

கணக்குப் பார்க்கும் தொழிலில் உள்ள நமக்கு, அவர்களுடைய உயரம் கையிருப்பைப் போலவே தோன்றுகிறது. அது மீதமிருக்கும்போதே முடிவு செய்கிறவர் வயலிலிருந்து நடந்து வீடு திரும்புகிறார்.