கடலில் போகும் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பள்ளி விடுமுறையில் சொகுசுக் கப்பலில் தீவுகளைச் சுற்றிப் பார்ப்பது இப்போது நம்மூர்க் குடும்பங்களுக்கும் பழக்கமாகி வருகிறது. போர்ட் கிள்ளானை ஒட்டிய புலாவ் இண்டாவில் கப்பல் முனையம் இருக்கிறது. பினாங்கு, லங்காவி, புக்கெட், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் செல்லும் பெரிய கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்று கெந்திங் டிரீம். அதன் நீளம் சுமார் 335 மீட்டர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களில் ஒன்றைப் படுக்க வைத்தால், அதன் நீளத்தில் முக்கால் பங்கு இந்தக் கப்பல் இருக்கும். பயணிகளும் பணியாளர்களுமாக 5,000 பேருக்கும் மேல் அதில் இருக்க முடியும்.

மாணவர்களே, இப்போது ஒரு கணக்கு. மலேசியாவில் வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 200 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைப் பயன்படுத்துகிறார். கப்பலிலும் 200 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 5,000 பேருக்கு ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 டன். மூன்று நாள் பயணத்துக்கு 3,000 டன் தண்ணீர் வேண்டும். இது ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் கொள்ளளவைவிட அதிகம். இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வருகிறது? பயன்படுத்திய பிறகு எங்கே போகிறது?

சுற்றிலும் நீர், குடிக்கத்தான் முடியாது

நம் கொள்ளுத் தாத்தா, பாட்டிகளில் பலர் இந்நாட்டுக்குக் கப்பலில் வந்தவர்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு இடையே பல ஆண்டுகள் ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்தில் பயணிகளுக்கான குடிநீரைப் பெரும்பாலும் துறைமுகத்திலேயே தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். அடுத்த துறைமுகம் வரும்வரை அளந்துதான் செலவு செய்ய வேண்டும்.

சுற்றிலும் கடல் இருக்கும்போது ஏன் அப்படி? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகமோ ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 20 கிராம் உப்பைத்தான் வெளியேற்ற முடியும். ஆகவே, ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தால், அந்த 35 கிராம் உப்பை வெளியேற்ற 1.75 லிட்டர் சிறுநீர் தேவை. மீதி 0.75 லிட்டரை உடல் தன் சொந்த நீரிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். குடிக்கக் குடிக்க உடல் வறண்டு போகும்.

மாங்காய் ஊறுகாய் சொல்லும் பாடம்

அம்மா மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டுப் பிசறி வைத்தால், சிறிது நேரத்தில் பாத்திரத்தின் அடியில் நீர் சேர்ந்துவிடும். அந்த நீரை யாரும் ஊற்றவில்லை. மாங்காயின் உயிரணுக்களுக்கு உள்ளே இருந்த நீர், உப்பு அதிகமாக உள்ள வெளிப்பக்கத்துக்கு வந்திருக்கிறது. உயிரணுச் சவ்வு நீரைக் கடக்க விடுகிறது, உப்பை எளிதில் கடக்க விடுவதில்லை. உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு இப்படி நீர் நகர்வதுதான் சவ்வூடு பரவல். பள்ளியில் நீங்கள் 'ஒஸ்மோசிஸ்' என்று படிப்பது இதைத்தான்.

இதைத் திருப்பிப் போட்டால் கடல்நீர் குடிநீராகிவிடும். ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நல்ல நீர். சும்மா விட்டால் நல்ல நீர்தான் கடல்நீரின் பக்கம் போகும். அதைத் தடுத்து நிறுத்தவே வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு அழுத்தம் தேவை. அதைவிடக் கூடுதலாக, ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தத்தைக் கடல்நீரின் மேல் கொடுத்தால், நீர் மட்டும் சவ்வைக் கடந்து இந்தப் பக்கம் வரும். உப்பு அங்கேயே தங்கிவிடும். இதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் என்று பெயர். 60 மடங்கு என்பது கார் டயருக்கு அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. அதனால்தான் இந்த இயந்திரத்தின் குழாய்களும் பம்புகளும் அவ்வளவு தடிமனாக இருக்கின்றன.

கொதிக்க வைத்தும் நீர் எடுக்கலாம்

இன்னொரு வழி மிகப் பழையது. கடல்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்து நீராக்குவது. உப்பு ஆவியாகாது, அடியில் தங்கிவிடும். ஆனால், இதற்கு ஆற்றல் அதிகம் செலவாகும். ஏற்கனவே 100 டிகிரி செல்சியசில் கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்க 2.26 மில்லியன் ஜூல் வேண்டும். 2,000 வாட் மின்கெண்டி ஒன்று 19 நிமிடம் தொடர்ந்து ஓடினால்தான் அவ்வளவு ஆற்றல் கிடைக்கும். 1,000 லிட்டருக்குக் கணக்கிட்டால் 600 யூனிட் மின்சாரத்துக்கும் மேல் ஆகும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் சிறந்த நவீன ஆலைகளுக்கு அதே 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும்.

அப்படியானால் கப்பலில் ஆவியாக்கும் முறையை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? கப்பலின் இயந்திரம் எப்படியும் சூடாகிறது. அதைக் குளிர்விக்கும் நீர் 80 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைக் கடலில் வீணாக விடுவதற்குப் பதிலாகக் கடல்நீரை ஆவியாக்கப் பயன்படுத்துகிறார்கள். 80 டிகிரியில் நீர் கொதிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். அழுத்தத்தைக் குறைத்தால் கொதிக்கும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கப்பலில் உள்ள கலத்திலிருந்து காற்றைப் பெருமளவு உறிஞ்சி எடுத்துவிடுவதால், கடல்நீர் 40 முதல் 60 டிகிரியிலேயே கொதிக்கிறது.

இப்படிக் கிடைக்கும் நீரில் தாது உப்புகள் இருக்காது. சுவையும் இருக்காது, குழாயையும் அரிக்கும். ஆகவே, தேவையான தாதுக்களைச் சேர்த்து, கிருமி வளராமல் இருக்கக் குளோரின் கலந்த பிறகே குழாய்க்கு அனுப்புகிறார்கள்.

செய்து பாருங்கள்: ஓர் அகலமான பாத்திரத்தில் உப்பு நீரை ஊற்றுங்கள். நடுவில் ஒரு வெற்றுக் குவளையை வையுங்கள். பாத்திரத்தின் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாக மூடி, குவளைக்கு நேர் மேலே தாளின் மீது ஒரு சிறு கல்லை வையுங்கள். வெயிலில் அரை நாள் வைத்தால் குவளையில் சில துளி நல்ல நீர் சேர்ந்திருக்கும். அரை நாள் வெயிலுக்கு எவ்வளவு நீர் கிடைத்தது என்று அளந்து எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரை அதே முறையில் எடுக்க எத்தனை பாத்திரம் வேண்டும் என்றும் கணக்கிடுங்கள்.

துறைமுகத்தில் மட்டும் ஏன் எடுப்பதில்லை?

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் கரையோரமாகச் செல்லும்போதும் குடிநீருக்காகக் கடல்நீரை எடுப்பதில்லை. கரையோர நீரில் சேறு, எண்ணெய், கழிவுநீர், கிருமிகள் எல்லாம் கலந்திருக்கும். சேறும் எண்ணெயும் சவ்வின் நுண்துளைகளை அடைத்துவிடும். குறைந்த சூட்டில் ஆவியாக்கும்போது எல்லாக் கிருமிகளும் சாகும் என்ற உறுதியும் இல்லை. அதனால் கரையை விட்டு விலகி, திறந்த கடலுக்குப் போன பிறகுதான் இயந்திரத்தை ஓட்டுவார்கள். துறைமுகத்தில் இருக்கும்போது தேவைப்பட்டால் கரையிலிருந்து குழாய் மூலம் நிரப்பிக்கொள்வார்கள்.

பயன்படுத்திய நீர் எங்கே போகிறது?

வந்த நீர் அத்தனையும் ஏதோ ஒரு வழியில் வெளியே போயாக வேண்டும். கழிவறையிலிருந்து வருவதைக் கறுப்பு நீர் என்றும், குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து வருவதைச் சாம்பல் நீர் என்றும் கப்பலில் பிரிக்கிறார்கள். கப்பல் கழிவறைகள் நீரைக் கொட்டித் தள்ளுவதில்லை, காற்றால் உறிஞ்சுகின்றன. ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரே போதும். நம் வீட்டுக் கழிவறைக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகிறது.

கடல் மாசைத் தடுக்கும் 'மார்ப்பொல்' என்ற அனைத்துலக ஒப்பந்தம் இதற்கு விதி வகுத்திருக்கிறது. சுத்திகரிக்காத கழிவறைக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடக் கூடாது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் இது 22 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். அரைத்து, கிருமி நீக்கம் செய்த கழிவு என்றால் 3 கடல் மைலைத் தாண்ட வேண்டும். தொட்டியில் சேர்த்த கழிவை மொத்தமாகக் கொட்டவும் கூடாது. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது சிறிது சிறிதாகத்தான் விட வேண்டும். பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக் கூடாது.

மலாக்கா நீரிணையின் வடக்குப் பகுதி அகலமானது. தெற்கே போகப் போகக் குறுகும். சிங்கப்பூரை ஒட்டிய பகுதியில் கரையிலிருந்து 12 கடல் மைல் தள்ளி நிற்க இடமே கிடையாது. ஆகவே, இந்தக் கடலில் ஓடும் சொகுசுக் கப்பலுக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் இருப்பது முக்கியம். நவீனக் கப்பல்களில் கழிவை உண்ணும் பாக்டீரியாக்களைக் காற்றூட்டி வளர்த்து, பிறகு நீரைச் சவ்வில் வடிகட்டி, புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கம் செய்கிறார்கள். ஆனால், சாம்பல் நீருக்கு மார்ப்பொல் இதுபோன்ற விதி எதையும் வகுக்கவில்லை. அது அந்தந்த நாட்டின் சட்டத்தையும் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பையும் பொறுத்தது.

இதில் என்ன ஆபத்து? லங்காவிக்கும் பினாங்குக்கும் இடையே புலாவ் பாயார் கடல் பூங்கா இருக்கிறது. அங்கே பவளப் பாறைகளைப் பார்க்கப் பலர் போகிறார்கள். பவளம் ஓர் உயிர். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவு தருகின்றன. கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கடலில் மிதக்கும் பாசிகளுக்கு உரமாகிவிடும். அவை பெருகினால் நீர் கலங்கும், அடியில் இருக்கும் பவளத்துக்கு வெளிச்சம் குறையும். கடற்பாசி பவளத்தின் மேலேயே படர்ந்து மூடவும் செய்யும்.

பிரிக்பீல்ட்சிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

கப்பலை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சுங்கை கிள்ளான் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. கோலாலம்பூரின் நடுவே ஓடி, பிரிக்பீல்ட்சை ஒட்டிக் கடந்து, கிள்ளான் நகர் வழியாகப் போர்ட் கிள்ளான் அருகே கடலில் கலக்கிறது. பிரிக்பீல்ட்சில் ஒரு கடையின் பின்னால் சாக்கடையில் ஊற்றிய சமையல் எண்ணெயும், வீசிய பிளாஸ்டிக் பையும் போய்ச் சேரும் இடம், கப்பல் குடிநீர் எடுக்கத் தயங்கும் அதே கரையோரக் கடல்தான். அந்த ஆற்றில் மிதக்கும் குப்பையைத் தடுத்து அள்ள 2019 முதல் 'இன்டர்செப்டர்' என்ற மிதவை இயந்திரம் வேலை செய்கிறது. குப்பையை அது அள்ளிவிடும், கரைந்துபோன சோப்பையும் கழிவையும் அள்ள முடியாது.

ஆறு மாசுபட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் கலந்த மாசால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியும் பானையும் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

கரையோர நீர் கெட்டிருந்தால், கப்பல் கரையை விட்டுத் தள்ளிப் போய் நல்ல நீரைத் தேடிக்கொள்ளும். நம் ஊர் அப்படி நகர்ந்து போக முடியாது. ஆகவே, அடுத்த முறை புலாவ் இண்டாவில் கப்பல் ஏறினாலும் சரி, வீட்டில் பாத்திரம் கழுவினாலும் சரி, குழாயைத் திறக்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள். இந்த நீர் எங்கிருந்து வந்தது? இது எங்கே போகப் போகிறது?