மேடை இல்லாத ஒரு விழா

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் ஐம்பத்தாறாவது வயதில், நான் ஒரு கயிறு இழுக்கும் போட்டியில் கலந்துகொண்டு தோற்றேன். இடம் ஜெர்மனி. தோற்ற கதைக்கு நம் மலரில் இடம் உண்டா என்று ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஜெயித்த கதைகள்தான் சார் நிறைய வருகின்றன. நீங்கள் தோற்றதை எழுதுங்கள்" என்றார். எனவே எழுதுகிறேன். பிழை பொறுக்க.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. சொந்த ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாறு. 1993-இல் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து வந்தவன், சந்தாபுராவிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டேன். அப்போது ஓசூர் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருட்டுத்தான். இப்போது பொம்மசந்திரா வரை மெட்ரோவே வந்துவிட்டது. பஸ் ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. அவ்வளவு பக்கம். ஆனால் தமிழ்நாடு பக்கத்தில் இருப்பதால் மட்டும் தமிழ் வீட்டுக்குள் வந்துவிடாது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்பது வயதில் நின்றுபோன தமிழ்

எங்களுக்கு ஒரே மகள். 2009-ஆம் ஆண்டு ஒரு பொங்கல் விழாவில் திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்கு அவளைப் பழக்கினேன். பத்துக் குறள். வீட்டில் தண்ணீர் மாதிரி சொல்வாள். அன்று மேடையில் ஆறாவது குறளில் நின்றுவிட்டாள். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாதியில் இறங்கி வந்த குழந்தையை நான் அணைத்துக்கொள்ளவில்லை. ஸ்கூட்டரில் வரும்போது, "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டியே" என்றேன்.

அன்றோடு சரி. பிறகு அவள் எந்த மேடையிலும் தமிழ் பேசவில்லை. நாலு பேர் இருந்தால் ஆங்கிலம், இல்லையேல் கன்னடம். பள்ளியில் கன்னடம் எடுத்தாள், இந்தி எடுத்தாள். தமிழ் எழுத்து மறந்தே போயிற்று. எங்களிடம் மட்டும் வீட்டுத் தமிழ். நானும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பற்று இல்லை" என்று நண்பர்களிடம் குறைபட்டுக்கொண்டு திரிந்தேன்! குறை யாருடையது என்று யோசித்ததில்லை.

மகள் மேற்படிப்புக்காக ஸ்டுட்கார்ட் போனாள். அவளைப் பார்க்கத்தான் நானும் என் மனைவியும் அந்தக் கோடையில் ஜெர்மனி போனோம்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடைகள் மூடிக் கிடக்கும். மகளுடன் படிக்கும் பெண் ஒருத்தி, டூபிங்கன் பக்கத்தில் உள்ள தன் கிராமத்துக்கு எங்களைக் கூப்பிட்டாள். அங்கே தேவாலயத்து இளைஞர்கள் விளையாட்டும் பாட்டுமாக ஒரு நாள் நடத்துகிறார்களாம். "ஏங்க, நாம கோயிலுக்குப் போறவங்க. அங்கே போய் என்ன செய்யறது?" என்றாள் என் மனைவி. "கேக் நல்லா இருக்கும்மா, வா" என்றாள் மகள். போனோம்.

டூபிங்கன் என்றதும் எனக்கு ஒரு பெயர் நினைவு வந்தது. பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் சிலையாக நிற்கிறாரே, கன்னட அகராதியை 1894-இல் வெளியிட்ட பெர்டினாண்ட் கிட்டல், அவர் 1903-இல் இறந்தது அந்த ஊரில்தான். ரயிலில் மகளிடம் சொன்னேன். "அப்படின்னா நம்ம ஊர்க்காரர்னு சொல்லுங்கப்பா" என்று சிரித்தாள்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு புல்வெளி. நூறு பேர் இருக்கலாம். நான் முதலில் தேடியது மேடையை. இல்லை. சிறப்பு விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, வரவேற்புரை இல்லை. மடக்கு பெஞ்சுகளும், ஒரு மேஜை நிறைய வீட்டில் செய்த கேக்குகளும், பேண்டு வாத்தியக் குழு ஒன்றும் இருந்தன. அந்த நாட்டுப் புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் இப்படி ஒரு குழு உண்டு. காசுக்கு வாசிப்பவர்கள் இல்லை, ஊர்க்காரர்களே. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் பெரிய டியூபாவை மடியில் வைத்து ஊத, பக்கத்தில் அவருடைய பேரன் டிரம்பெட் ஊதினான். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பிசிறு தட்டியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆராதனை தொடங்கி, இரண்டாவது பாட்டை அவர்கள் வாசித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்த மெட்டு எனக்குத் தெரியும்! பொறையாறு பக்கத்து மிஷன் பள்ளியில் காலைக் கூட்டத்தில், ஆர்மோனியத்தோடு, எல்லா மதத்துப் பிள்ளைகளும் நின்று தமிழில் பாடிய பாட்டு. மார்ட்டின் லூத்தர் இயற்றிய, கடவுளைக் கோட்டையாகச் சொல்லும் பாட்டு அது என்று தோழி சொன்னாள். வாய் தானாகத் தமிழில் முணுமுணுத்தது.

இதில் வியப்பு என்ன? சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர் 1706 ஜூலையில் எங்கள் தரங்கம்பாடியில் கரை இறங்கினார். உள்ளூர் வாத்தியாரின் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719-இல் முப்பத்தாறு வயதில் அங்கேயே காலமானார். அவர் 1718-இல் கட்டி முடித்த தேவாலயம் இன்றும் நிற்கிறது. அந்த வழியாகத்தான் ஜெர்மன் மெட்டுகள் எங்கள் கடற்கரைக்கு வந்தன. இதையெல்லாம் மகள் ஜெர்மனில் எடுத்துச் சொல்ல, டியூபாப் பெரியவர் ஆர்வமாகக் கேட்டார். சீகன்பால்க் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லையாம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!

ஐலசா!

பிறகு விளையாட்டு. ஆளுக்கு ஒரு வண்ண நாடா கொடுத்துக் குழு பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு சிறுவராவது, ஒரு முதியவராவது இருக்க வேண்டும் என்பது விதி. "நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்றேன். "வேடிக்கை பார்க்கும் இடம் என்று எதுவும் இல்லையே" என்றாள் நாடா கொடுத்த பெண். உண்மைதான். நாற்காலி வரிசையே இல்லை.

முதல் ஆட்டத்தின் பெயர் 'இண்டியாக்கா'. நம் நாட்டு ஆட்டம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இல்லையாம்! கார்ல்ஹான்ஸ் குரோன் என்ற ஜெர்மானிய விளையாட்டு ஆசிரியர் 1936-இல் பிரேசிலில் 'பெடேக்கா' என்ற ஆட்டத்தைப் பார்த்துக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பழங்குடியினரை ஜெர்மனில் குறிக்கும் 'இண்டியானர்' என்ற சொல்லையும் பெடேக்காவையும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார். நீண்ட இறகுகள் செருகிய தட்டையான மெத்தை ஒன்றை, வாலிபால் போல வலைக்கு மேலே உள்ளங்கையால் அடிக்க வேண்டும். என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்த அடியில் அது ஆப்பிள் மரத்தில் போய் மாட்டிக்கொண்டது.

கடைசியில் கயிறு இழுத்தல். எதிர்க் குழுவில் மலை மாதிரி இரண்டு விவசாயிகள். எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். எங்கள் ஊர்க் கடற்கரையில் வலை இழுக்கும் சத்தம் எனக்கு நினைவு வந்தது. "ஐலசா சொல்லி இழுத்தா ஒண்ணா இழுக்கலாம்" என்று மகளிடம் மெல்லச் சொன்னேன். அவள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள். "ஏலேலோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "ஐலசா!" என்று எங்கள் குழு திருப்பிக் கத்தியது. ஏலேலோ! ஐலசா! புல்வெளி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

தோற்றோம். விழுந்ததில் என் முட்டி சிராய்த்தது. ஆனால் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு என் மகள் நூறு பேர் நடுவே தமிழில் குரல் எழுப்பியதைக் கேட்டேன். அது போதும் எனக்கு.

மறந்துபோன வரி

சாயங்காலம் பாட்டு. எல்லோர் கையிலும் சின்னப் பாட்டுப் புத்தகம். குரல் நன்றாக இருப்பவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. இதற்கு நீண்ட வேர் உண்டு. முன்காலத்தில் ஆராதனையில் பாட்டெல்லாம் பெரும்பாலும் லத்தீனில், பாடகர் குழுவுக்கு உரியது. லூத்தர்தான் ஜனங்களே தங்கள் மொழியில் பாட வேண்டும் என்றார். 1524-இல் வெளிவந்த முதல் ஜெர்மன் பாட்டுப் புத்தகத்தில் எட்டே எட்டுப் பாட்டு. அதில் நான்கு அவருடையவை. இன்று சபைகளில் உள்ள பாட்டுப் புத்தகத்தின் பொதுப் பகுதியில் மட்டும் 535 பாட்டுகள். ஐந்நூறு வருஷமாக ஊரே பாடிப் பழகியிருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு பாட்டுச் சொல்லித் தரவேண்டும் என்றார்கள். என் முறை வந்தது. என் அம்மா சந்தாபுரா வீட்டில் பேத்தியை மடியில் போட்டுப் பாடிய தாலாட்டைத் தொடங்கினேன். 2012-இல் அம்மா போன பிறகு அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் கேட்டதில்லை. இரண்டு வரி பாடினேன். மூன்றாவது வரி வரவில்லை. நின்றுவிட்டேன். நூறு முகங்கள் என்னைப் பார்த்தன. உள்ளங்கை வியர்த்தது. மேடையில் நின்ற அந்த ஒன்பது வயதுக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வரியை மகள் எடுத்தாள். என் பக்கத்தில் வந்து நின்று, பாட்டியின் குரல் ஏற்ற இறக்கத்தோடு, முழுப் பாட்டையும் பாடினாள். 'ஆராரோ ஆரிரரோ' வரும் இடங்களில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என் மனைவி அழுதுவிட்டாள்.

திரும்பும் ரயிலில், "அன்னைக்கு ஸ்கூட்டர்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். எந்த ஸ்கூட்டர் என்று அவள் கேட்கவில்லை. "பரவாயில்லப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "அந்தப் பாட்டைத் தமிழ்லயே எழுதிக் கொடுங்க. படிக்கப் பழகறேன்" என்றாள்.

சந்தாபுராவில்

ஊர் திரும்பியதும் நாலு தமிழ்க் குடும்பங்களிடம் பேசினேன். 2025 ஜனவரி முதல், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, எங்கள் லேஅவுட்டின் காலி மனை ஒன்றில் கூடுகிறோம். விதிகள் மூன்று. மேடை, மைக், பரிசு கிடையாது. வந்தவர் எல்லோரும் ஆட வேண்டும், பாட வேண்டும். பாட்டு மறந்தால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், சிரிக்கக் கூடாது.

முதல் மாதம் பதினொரு பேர். அடுத்த மாதம் நாலே பேர். "டியூஷன் இருக்கு சார்" என்றார்கள். விடவில்லை. இப்போது முப்பது பேர் வரை வருகிறார்கள். கிட்டிப்புள், கிளித்தட்டு, பச்சைக்குதிரை, பிறகு பாட்டு. கன்னடக் குழந்தைகளும் வருகிறார்கள். கிட்டிப்புள்ளை அவர்கள் 'சின்னி தாண்டு' என்கிறார்கள். அவர்கள் பாட்டை எங்கள் பிள்ளைகள் கற்கிறார்கள், எங்கள் பாட்டை அவர்கள் கற்கிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

போட்டிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடையில் ஒளிரும் பிள்ளைகள் ஒளிரட்டும். ஆனால் ஒரு மேடையில் பத்துப் பிள்ளைகள் ஏறினால் முந்நூறு பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முந்நூறு வாய்களுக்கும் தமிழ் வேண்டாமா? நம் அடுத்த பொங்கல் விழாவில் ஒரு மணி நேரத்தையாவது மேடையை விட்டு மைதானத்துக்கு இறக்கிப் பார்க்கலாமே. பெற்றோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். சங்க அன்பர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.

மகளுக்கு ஜெர்மனியிலேயே வேலை கிடைத்திருக்கிறது. அவள் சந்தாபுராவுக்குத் திரும்புவாளோ மாட்டாளோ, நான் கேட்பதில்லை. போன வாரம் வாட்சப்பில் அவளிடமிருந்து ஒரு செய்தி, தமிழ் எழுத்தில்: "அப்பா சாபிட்டிங்கலா".

எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை. "சாப்பிட்டேன் கண்ணு" என்று பதில் போட்டேன்.